இசைக்கேற்ப ஒரு தாழ்வான பலகையில் ஏறி இறங்கும் ஸ்டெப் ஏரோபிக்ஸ் செய்யும்போது எப்போதும் ஒரு அடி பின்தங்கிவிடுகிறேன். என் கால்களுக்குத் தாளம் வராதா?

மூன்று மாதமாக வீடியோ பார்த்துச் செய்கிறீர்கள், ஒவ்வொரு அசைவு மாறும்போதும் தடுமாறுகிறீர்கள், மற்றவர்கள் பலகையில் ஏறிய பிறகுதான் உங்கள் கால் எழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கால்களைக் குறை சொல்வதற்கு முன், அந்தப் பயிற்றுநர் எப்போது வாய் திறக்கிறார் என்று கவனியுங்கள். நான் ஆறு வருடம் வகுப்பில் நின்று செய்தவள், பிறகு நான்கு வருடமாகச் சொல்லிக்கொடுப்பவள். இந்தத் தடுமாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் தாமதமாக வரும் குரல்தான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஸ்டெப் வகுப்புகளில் இசை பொதுவாக நிமிடத்துக்கு 118 முதல் 128 தட்டு (பீட்) வேகத்தில் ஓடும். 120 என்று வைத்தால் ஒரு தட்டுக்கு அரை நொடி. காதில் விழுந்த சொல் புரிந்து, எந்தக் கால் என்று தெரிந்து, உடல் எடை அதற்கேற்ப மாறவேண்டும். இதற்கு அரை நொடி போதாது. அசைவுகளை எட்டு எட்டுத் தட்டாக எண்ணுவோம். அதனால் அந்த எட்டு எண்ணிக்கையில் கடைசி நான்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அசைவைச் சொல்லிவிட வேண்டும். அப்போது உங்களுக்கு இரண்டு நொடி கிடைக்கும். "நாலு, மூணு, அடுத்து வி-ஸ்டெப்" (கால்களை அகட்டி V வடிவில் ஏறி இறங்கும் அசைவு) என்று சொல்லி முடித்த பிறகு அடுத்த எட்டின் "ஒன்று" விழவேண்டும். "ஒன்று" விழும்போதே "வி-ஸ்டெப்!" என்று கத்தினால், பயிற்றுநர் ஏறிவிட்டார், நீங்கள் இன்னும் தரையில். அவர் அந்த நடன வரிசையை நூறு முறை செய்தவர், நீங்கள் இப்போதுதான் கேட்கிறீர்கள்.

நேரத்துக்கு அடுத்தது, எந்தக் கால் என்பது. அடிப்படை அடியில் வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. நான்கு எண்ணிக்கை முடிந்ததும் மறுபடி வலது காலே தயாராக இருக்கும். ஆனால் முழங்கால் தூக்கும் அசைவில் வலது காலால் ஏறி, இடது முழங்காலைத் தூக்கி, இடது கீழே, வலது கீழே என்று வந்தால் அடுத்து ஏறவேண்டியது இடது கால். அதே முழங்காலை மூன்று முறை தூக்கும் ரிப்பீட்டர் எட்டு எண்ணிக்கை எடுக்கும், அதுவும் காலை மாற்றிவிடும். இதை வாயால் சொல்லாமல் விட்டால் பாதி வகுப்பு தவறான காலில் நிற்கும். "அடுத்து இடது" என்ற இரண்டே சொல் போதும். அதைச் சொல்லாத பயிற்றுநர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பெயர்களும் குழப்பும். பலகையின் குறுகிய பக்கமாக, அதாவது அகலவாக்கில், தாண்டி மறுபுறம் இறங்குவது "ஓவர் த டாப்". பலகையின் நீளவாக்கில் போவது "அக்ராஸ்". ஒரே வகுப்பில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னால் இருவர் மோதிக்கொள்வார்கள். ஒரு அசைவுக்கு ஒரு பெயர், வகுப்பு முடியும்வரை அதே பெயர்.

வலது இடது சிக்கல் வேறு இருக்கிறது. உங்களைப் பார்த்து நிற்கும் பயிற்றுநர் கண்ணாடி போலச் செய்யவேண்டும். "வலது" என்று சொல்லும்போது அவர் தன் இடது காலைத் தூக்குவார், அப்போதுதான் உங்கள் வலதோடு ஒரே பக்கமாக இருக்கும். வாய் ஒன்றும் கால் ஒன்றும் சொன்னால் மூளை கண் பார்த்ததைத்தான் நம்பும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருமுறை வகுப்பில் பலகையைத் திருப்பத்தோடு கடக்கும் அசைவு தாமதமாகச் சொல்லப்பட்டது. நான் ஏறிய காலிலேயே உடலைத் திருப்பினேன். பாதத்தின் பாதி பலகைக்கு வெளியே, குதிகால் காற்றில். கணுக்கால் பிசகி மூன்று வாரம் நடக்கவே கஷ்டப்பட்டேன். எடை தாங்கும் காலை ஊன்றிவைத்துத் திருப்பினால் முழங்காலும் மாட்டிக்கொள்ளும். பலகை 4 அங்குலம்தானே என்று நினைக்கக்கூடாது. சமதளத்தில் தாமதமானால் தாளம்தான் தவறும், பலகையில் தாமதமானால் விளிம்பு காத்திருக்கும்.

சரி, வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் பலகையை ஓரமாக வைத்துவிட்டு வீடியோவைச் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். சொல் முதலில் வருகிறதா, அசைவு முதலில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அசைவு முதலில் என்றால் வேறு வீடியோ தேடுங்கள், அதில் எவ்வளவு அழகான நடன வரிசை இருந்தாலும் சரி. இசை குரலை அமுக்கிவிடும் வீடியோவும் வேண்டாம். நல்லதாகக் கிடைத்தால் முதல் முறை தரையிலேயே செய்யுங்கள், வீடியோ வேகத்தைச் சற்றுக் குறைத்து. அப்புறம் பலகையின் மிகக் குறைந்த உயரத்தில்.

வழி தவறிவிட்டால் நடுவில் ஏறப் பார்க்காதீர்கள். பலகைக்குப் பின்னால் தரையில் இருந்தபடியே அணிநடை போடுங்கள், எட்டு எண்ணுங்கள், அடுத்த "ஒன்று" வரும்போது சொன்ன காலால் ஏறுங்கள். என் வகுப்புக்குப் புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். யாராவது தரையில் அணிநடை போடுவதைப் பார்த்தால், அடுத்த எட்டில் அவர்களுக்காக "வலது கால், அடிப்படை அடி" என்று ஒருமுறை கூடுதலாகச் சொல்வேன். இரண்டு எட்டுக்குள் எல்லோரும் திரும்பப் பலகைமேல் வந்துவிடுகிறார்கள்.