எந்தப் பெயர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் சேலம் ஊரில் 1692-இல் நடந்த சூனிய வழக்குகளை வைத்து ஆர்தர் மில்லர் எழுதிய ‘தி க்ரூசிபிள்’ நாடகத்தை எங்கள் வாசிப்புக் குழுவில் வாரத்துக்கு ஓர் அங்கமாகப் படித்து முடித்தோம். கடைசி வாரம் பெரிய சண்டை. சூனியம் செய்தேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் ஜான் பிராக்டருக்கு உயிர் மிஞ்சும். மனைவி வயிற்றில் பிள்ளை, ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். கையெழுத்தும் போட்டுவிட்டு, பிறகு தாளைக் கிழித்துவிட்டுத் தூக்குமேடைக்குப் போகிறான். ஏன் என்றால் ‘என் பெயர்’ என்கிறான். எனக்கு இது வெறும் கவரிமான் வீறாப்பாகத்தான் பட்டது. ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து குடும்பத்தை நடுத்தெருவில் விடுகிறவன் எப்படி நாயகன் ஆவான்? அவனோ வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் தவறியவன். இதில் என்ன பெயர் மிச்சம் இருக்கிறது?

க.

அன்புள்ள க.,

ஒன்றும் மிச்சம் இல்லை. ஊர் வாயில் இருக்கும் பெயரை அவன் மூன்றாம் அங்கத்திலேயே தன் கையால் கொளுத்திவிட்டான். நான்காம் அங்கத்தில் அவன் காப்பாற்றுவது அதுவாக இருக்க முடியாது. உங்கள் குழுவின் சண்டை, இரண்டு பெயர்களை ஒன்றாகக் கட்டியதால் வந்தது என்று நினைக்கிறேன்.

முதல் பெயருக்கு இரண்டாம் அங்கத்துக்குப் போங்கள். காட்டில் பெண்கள் ஆடியது சூனியம் இல்லை என்று, நீங்கள் சொன்ன அந்த வேலைக்காரப் பெண் அபிகெய்ல் பிராக்டரிடம் நேரிலேயே சொல்லிவிட்டாள். எட்டு நாள் கழித்து இந்த அங்கம் திறக்கிறது. அதற்குள் 14 பேர் சிறையில். போய் நீதிமன்றத்தில் சொல் என்கிறாள் அவன் மனைவி எலிசபெத். அவன் தயங்குகிறான்: அபிகெய்ல் என்னிடம் தனியாக இருக்கையில் சொன்னாள், சாட்சி இல்லையே. ‘தனியாகவா?’ என்று மனைவி பிடித்துக்கொள்கிறாள், முன்பு அவன் அப்படிச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லப் போனால் கூடவே அந்த அறையும் வெளியே வரும். இதுதான் அவனை எட்டு நாள் கட்டிப்போட்டது. அதே இரவு வீடு திரும்பும் இப்போதைய வேலைக்காரப் பெண் மேரி வாரன் சொல்லும் கைதானோர் கணக்கு 39. குற்றவுணர்ச்சி இங்கே செய்கிற முதல் வேலை வாயைக் கட்டுவது. கொஞ்ச நேரத்தில் பாதிரியார் ஹேல் வந்து பத்துக் கட்டளைகளைச் சொல்லச் சொல்கிறார். பிராக்டர் ஒன்பதைச் சொல்லிவிட்டுத் திணறுகிறான். விட்டுப்போன விபசாரத்தை மனைவி மெதுவாக எடுத்துக் கொடுக்கிறாள். மில்லர் இதைவிடக் கச்சிதமாக ஒரு காட்சி எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் அங்கத்தில் அந்தப் பெயர் போகிறது. கைதாகியிருக்கும் எலிசபெத் கர்ப்பம், குழந்தை பிறக்கும்வரை அவளுக்கு ஆபத்தில்லை, வழக்கை விட்டுவிடுகிறாயா என்று நீதிபதி டான்ஃபோர்த் பேரம் பேசுகிறார். நண்பர்களின் மனைவிமார் உள்ளே இருக்கிறார்கள் என்று பிராக்டர் மறுக்கிறான். பிறகு வேறு வழியில்லாமல் கூடியிருந்தோர் முன் கள்ள உறவை ஒப்புக்கொள்கிறான். நீதிபதி வைக்கும் சோதனை பார்வைக்கு நியாயமானதுதான்: பிராக்டரும் அபிகெய்லும் முதுகைக் காட்டி நிற்க வேண்டும், எலிசபெத் நீதிபதியின் முகத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். என் மனைவி பொய் சொல்லவே மாட்டாள் என்று பிராக்டர் முன்னதாகச் சொல்லிவிட்டான். அவன் ஒப்புக்கொண்டது அவளுக்குத் தெரியாது. கணவன் பெயரைக் காக்க ‘இல்லை’ என்கிறாள். ஆயுள் முழுக்க அவள் சேர்த்த நம்பகம் அந்த ஒரே பொய்க்கு முட்டுக்கொடுத்து அவனைக் கவிழ்த்துவிடுகிறது. குழுவில் இதை வாய்விட்டுப் படித்தால், எலிசபெத்தாகப் படிப்பவர் ‘இல்லை’யைச் சட்டென்று சொல்லிவிட வேண்டாம். அவள் முதலில் சுற்றிவளைக்கிறாள்: கடைசிப் பிரசவத்துக்குப் பின் நெடுநாள் படுக்கையில் இருந்தேன், அவர் விலகுவதுபோலத் தோன்றியது என்கிறாள். திரும்பிப் பார்த்துக் கணவனிடம் ஒரு குறிப்பாவது கிடைக்காதா என்று தேடுகிறாள். அந்தத் தவிப்பு கேட்காவிட்டால் காட்சி வெறும் சூழ்ச்சித் திருப்பமாகிவிடும்.

இனி அந்தத் தாள். சேலத்தின் கணக்கு தலைகீழானது. 1692-இல் அங்கே சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டவர்கள் சுமார் 50 பேர். சொன்ன சொல்லில் நின்ற ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. ஒப்புக்கொண்டு பிறகு மறுத்த சாமுவேல் வார்ட்வெல் செப்டம்பர் 22 அன்று தூக்கிலிடப்பட்டார். தூக்கில் இறந்த 19 பேரும் சாகும்போது குற்றத்தை மறுத்தவர்கள். ஒப்புக்கொள்பவர் உயிரோடு இருந்தால்தான் அடுத்த பெயர்களைச் சொல்வார், அந்தப் பெயர்கள்தான் அடுத்த வழக்குகள். பயம் அங்கே ஓர் உணர்ச்சியாக மட்டும் இல்லை, நீதிமன்றம் அதை விறகாகவே போட்டு எரித்தது.

நாடகத்தில் பிராக்டர் இந்தக் கணக்கில் பாதிக்கு இணங்குகிறான், அதைக் கவனிக்க வேண்டும். நான் புனிதன் இல்லை, புனிதர்கள்போலத் தூக்குமேடை ஏறுவது என் வரையில் மோசடி என்பது அவன் வாதம். பழைய குற்றவுணர்ச்சி இப்போது ‘நீ சாகக்கூடத் தகுதியில்லாதவன்’ என்று பேசுகிறது. பொய் சொல்கிறான், கையெழுத்தும் போடுகிறான். இரண்டு இடத்தில்தான் முரண்டுபிடிக்கிறான்: வேறு யார் பெயரையும் சொல்ல மாட்டேன், தாளைத் தேவாலயக் கதவில் ஒட்டவிட மாட்டேன். பக்கத்திலேயே ரெபெக்கா நர்ஸ் என்ற கிழவி, ஒப்புக்கொள்ள மறுத்து நிற்கிறாள். கதவில் அந்தத் தாள் ஏறினால் அது அவளைப் பொய்க்காரி என்று சொல்லும் ஆவணம். உயிர் பிழைத்தபின் அவன் ஊரில் என்ன பேசினாலும் அந்தக் கையெழுத்துதான் பேசும். பிள்ளைகளை நீங்கள் கேட்டீர்கள், அவனே கேட்கிறான்: நண்பர்களை விற்றவன் அவர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பான்? இந்தப் பெயர் ஊர் தருவதல்ல, தாளில் அவன் கையால் இடுவது. ஆணவம் துளியும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அங்கத்தில் ஊர்ப் பெயருக்காக உயிரைப் பணயம் வைப்பவர் டான்ஃபோர்த், அதுவும் மற்றவர் உயிரை. 12 பேரைத் தூக்கிலிட்டாகிவிட்டது, இனி மன்னித்தால் அவர்களுக்கு என்ன நியாயம் என்கிறார்.

(‘க்ரூசிபிள்’ என்ற தலைப்புக்கு நம் பொற்கொல்லர்களிடம் சொல் இருக்கிறது: மூசை. பொன்னை உருக்கும் கிண்ணம்.)

மில்லர் வரலாற்றில் கைவைத்தவர்தான். உண்மையான அபிகெய்ல் வில்லியம்ஸுக்கு 11 அல்லது 12 வயது, பிராக்டருக்கு அறுபது. கள்ள உறவுக்கு ஆவணம் ஏதும் கிடையாது, அது நாடகத்துக்காகச் சேர்த்தது. காலவரிசையும் குழம்பாமல் இருக்கட்டும்: நாடகம் 1953 ஜனவரியில் நியூயார்க்கில் மேடையேறியது. கம்யூனிஸ்ட் தொடர்பு பற்றி மில்லரை அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது 1956-இல். என்னைப் பற்றிச் சொல்கிறேன், பிறர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார். 1957-இல் அவமதிப்புக் குற்றத்தீர்ப்பு வந்தது, 1958-இல் மேல்முறையீட்டில் ரத்தானது. தன் கதையைப் பிராக்டர்மேல் ஏற்றினார் என்பவர்கள் இந்த ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

நடுத்தெரு என்றீர்கள். வரலாற்றுப் பிராக்டரின் குடும்பத்தைத் தெருவில் விட்டது அவருடைய பிடிவாதம் இல்லை. அவர் சிறையில் இருந்தபோதே, தீர்ப்புக்கு முன்பே, ஷெரிஃப் வீட்டுக்குப் போய்ப் பொருள்களையும் கால்நடைகளையும் அள்ளினார். பீப்பாயில் இருந்த பீரைக் கொட்டிவிட்டுப் பீப்பாயையும், பானையில் இருந்த சூப்பைக் கொட்டிவிட்டுப் பானையையும் எடுத்துப்போனதாகச் சமகாலத்தவர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஆகஸ்ட் 19 அன்று பிராக்டரைத் தூக்கிலிட்டார்கள். கர்ப்பமாக இருந்ததால் எலிசபெத் தப்பினார். ஆனால் கணவரின் உயிலில் அவருக்கு ஒன்றும் இல்லை, சட்டத்தின் கண்ணில் இறந்தவராகவே கருதப்பட்டதால் பங்கு கேட்டு 1696-இல் மனு எழுத வேண்டியிருந்தது. 1711-இல் மாசச்சூசெட்ஸ் அரசு கொடுத்த இழப்பீட்டில் பிராக்டர் தம்பதிக்கு எழுதப்பட்டது 150 பவுண்டு.