சோழவந்தான் ஏன் இரண்டு முறை வருகிறது?

வணக்கம். மதுரை ஊர்ப்பெயர், வட்டாரச் சொல் என 12 லட்சம் வரிகளில் இரட்டைப் பதிவுகளை நீக்கியும் சோழவந்தானும் கோரிப்பாளையமும் இரண்டிரண்டாக நிற்கின்றன, மேலூர் மட்டும் ஒழுங்காக இருக்கிறது என்கிறீர்கள். விடை அதிலேயே இருக்கிறது. 'ோ' குறியை யூனிகோடில் (எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் முறை) ஒரே குறியாகவும் எழுதலாம், 'ே', 'ா' என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. மேலூரில் அந்தச் சிக்கலே இல்லை.

பைத்தான் நிரல்மொழியில் ஒவ்வொரு வரியையும் முதலில் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவுக்கு, மாற்றுங்கள். ஓர இடைவெளியை வெட்டி, கண்ணுக்குத் தெரியாத சுழி அகலக் குறிகளைத் தனியாக நீக்குங்கள். ஓர இடைவெளியை வெட்டும் ஸ்ட்ரிப் கட்டளை அவற்றைத் தொடாது. அப்புறம் ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டுமே வைத்திருக்கும் செட் என்ற தொகுப்பில் போட்டு, புதிதாக வருவதை மட்டும் எழுதினால் வரிசையும் மாறாது. 12 லட்சத்தைச் சாதாரண மடிக்கணினியே தாங்கும்.

சௌராஷ்டிரா என்ற சொல் மட்டும் அடம்பிடிக்கும். பலர் 'ௌ'வுக்குப் பதில் 'ெ' போட்டு 'ள' தட்டியிருப்பார்கள். என்எஃப்சி அதைச் சரிசெய்யாது. மொத்தமாக மாற்றிவிடலாம் என்று இறங்காதீர்கள். 'வெளி' போன்ற சரியான சொற்களிலும் 'ெ'வுக்குப் பின் 'ள' வரும்; நான் ஒருமுறை அப்படிச் செய்து 'வெளி வீதி' என்ற பெயர் வந்த இடம் முழுவதையும் சிதைத்துவிட்டேன். சொற்களின் முதல் எழுத்தில் அந்தச் சேர்க்கை வருபவற்றைத் தனிக் கோப்பில் பிரித்து, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். மூலக் கோப்பை மட்டும் மேலெழுத வேண்டாம்.