மீன் எண்ணெய் மாத்திரையா, காசிமேட்டு மத்தியா?

கேள்வி: என் கணவருக்கு வயது 47, எடை 82 கிலோ. துறைமுகத்தில் இரவுப் பணி பார்க்கிறார். இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ., வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 230, நல்ல கொழுப்பு 36, ரத்த அழுத்தம் 136/88. இது மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்றும், மூன்று மாதம் உணவைத் திருத்திப் பார்க்கலாம் என்றும் மருத்துவர் கூறினார். தெரிந்தவர் ஒருவரோ மீன் எண்ணெய், பட்டை, பெர்பெரின் (சில மூலிகைகளிலிருந்து எடுக்கும் பொருள்) மாத்திரைகளை வாங்கச் சொல்கிறார். அவை போதுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: போதாது, சகோதரி. மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பது சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவகுக்கும் கோளாறுகள் ஒன்றுசேர்ந்திருக்கும் நிலை. இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., சர்க்கரை 100, டிரைகிளிசரைடு 150, ரத்த அழுத்தம் 130/85 ஆகியவற்றை எட்டுவதும், நல்ல கொழுப்பு 40-க்குக் கீழ் இறங்குவதும் இதன் ஐந்து அடையாளங்கள். மூன்று இருந்தாலே இக்குறைபாடு உண்டு என்பார்கள். உங்கள் கணவருக்கு ஐந்தும் இருக்கின்றன.

டிரைகிளிசரைடு கூடினால் எண்ணெயைத்தான் குறைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், தேவைக்கு மேல் உண்ணும் சோறும் சர்க்கரையும் கல்லீரலில் கொழுப்பாக மாறி ரத்தத்தில் கலப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். மதுப்பழக்கம் இருந்தால் அது இன்னும் ஏறும். எனவே இரவுப் பணியின்போது குடிக்கும் சர்க்கரை போட்ட தேநீரையும், உடன் தின்னும் பஜ்ஜி, பிஸ்கட்டையும் முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரை, அவரை, கொத்தவரைப் பொரியலையும் ஒரு கிண்ணம் சுண்டலையும் வையுங்கள். கருவாடு, அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றின் உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் அவற்றை எப்போதாவது மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

1,000 மி.கி. என்று அச்சிட்ட சாதாரண மீன் எண்ணெய் மாத்திரையில் பயன்தரும் ஒமேகா-3 என்ற கொழுப்பு பொதுவாக 300 மி.கி. அளவே இருக்கும். டிரைகிளிசரைடைக் குறைக்க நாளொன்றுக்கு ஒமேகா-3 மட்டுமே 2 முதல் 4 கிராம் வரை தேவைப்படும். அந்த அளவு இதயத் துடிப்பைச் சீர்குலைக்கவும் கூடும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் மத்தியையும் கானாங்கெளுத்தியையும் வறுக்காமல் குழம்பாக வாரம் இரண்டு முறை சமைப்பதே என் பரிந்துரை. கடைப்பட்டையில் பெரும்பகுதி காசியா வகை. அதிலுள்ள கூமரின் என்ற வேதிப்பொருள் அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். பெர்பெரின் சில ஆய்வுகளில் பலன் தந்திருந்தாலும் பல மருந்துகளோடு மோதக்கூடியது. அதை நானாக எழுதித் தர மாட்டேன். நார்ச்சத்துக்கு இசப்கோல் நல்லது, ஆனால் நிறையத் தண்ணீருடன் குடிக்க வேண்டும்.

2006-இல் வெளியான, நம் சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் மட்டுமே மாற்றியதால் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. உங்கள் கணவர் வாரத்திற்கு 150 நிமிடம் வேகமாக நடந்து, நான்கு முதல் ஆறு கிலோ வரை குறைத்தாலே ஐந்து எண்களும் நகரத் தொடங்கும். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். அப்போது ரத்த அழுத்தம் 140/90-ஐயோ சர்க்கரை 126-ஐயோ தொட்டிருந்து மருத்துவர் மாத்திரை எழுதினால், மறுக்காமல் தொடங்கச் சொல்லுங்கள்.