எழுத்து முடிஞ்சு நாலு மாசம், அவர் எப்பவும் வேலையில

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு, வெள்ளவத்தை, பாங்க் ஒண்டில வேலை. எழுத்து முடிஞ்சுது, கலியாணம் இனித்தான். அவர் சின்னனில அமெரிக்கா போய் அங்கயே படிச்சு இப்ப அங்கத்தை ஆமியில சட்டத்தரணி, கப்டன். நாலு மாசமா குவைத்தில. ராவில 8 மணிக்கு மெசேஜ் போட்டா நடுச்சாமத்திலதான் பதில், அதுவும் "ஸொறி, லோங் டே". என்ன வேலையெண்டு கேட்டா "சொல்லேலாது" எண்டுறார். சட்டத்தரணிக்கு விடிய இருந்து ராவு 10 மணி மட்டும் அப்பிடி என்ன வேலை? வேற ஏதும் இருக்குமோ எண்டு பயமா இருக்கு. அதுக்குள்ள மாமி ஒராள் "ஆமிக்காரனுக்கோ பொம்பிளை குடுத்தனீங்க" எண்டு அம்மாவை அழ வைச்சிட்டா. நான் என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, காம்பின்ர பேரை எழுதாம விட்டது நல்ல வேலை, அது அப்பிடியே இருக்கட்டும்.

நான் கொழும்புக் கோடுகள் இருக்கிற புதுக்கடையில கன வருஷம் ஒரு சட்டத்தரணியிட்ட கிளார்க்கா இருந்தனான். அதால உங்கட கேள்வி விளங்குது. எங்களுக்குத் தெரிஞ்ச சட்டத்தரணி எண்டா கறுப்புக் கோட்டு, காலமை கோட்டுக்குப் போறது, பின்னேரம் கட்சிக்காரரைச் சந்திக்கிறது, இடையில பிளேன்டீ. ஆமிச் சட்டத்தரணி அந்த மாதிரி இல்லை. அவையளை அங்க ஜாக் எண்டு சொல்லுவினம், 1775ல அமெரிக்கப் புரட்சி தொடங்கின வருஷத்திலயே வந்த பதவி அது. வெளிநாட்டில ஒரு காம்பில போட்டா அங்க இருக்கிற ஆயிரக்கணக்கான ஆக்களுக்கு இவையள் நாலஞ்சு பேர்தான் முழு புதுக்கடையும், யோசிச்சுப் பாருங்க.

அவர் சொல்லாட்டிலும் அவரின்ர நாள் எப்பிடிப் போகும் எண்டு ஓரளவுக்கு நான் சொல்லுறன். விடிய அஞ்சரை போல உடற்பயிற்சி, சட்டத்தரணி எண்டு அதில விலக்கு இல்லை. பிறகு கொமாண்டரின்ர காலமை மீட்டிங், அதில எப்ப சுடலாம் எப்ப சுடக்கூடாது எண்ட விதிகளைப் பற்றி யாரும் கேள்வி கேட்டா பதில் சொல்ல வேண்டியது இவர். அது முடிய மேசைக்கு வந்தா பைல். ஒரு பொடியன் குடிச்சுப் பிடிபட்டிருப்பான், குவைத்தில நாட்டுச் சட்டமே குடிக்கு இடம் குடுக்காது, ஆமியும் தன்ர பாட்டுக்குத் தடை போட்டிருக்கு, அப்ப ஆர்ட்டிக்கிள் 15 எண்ட சின்னத் தண்டனையோட விடுறதோ இல்லாட்டி கோட் மார்ஷல் எண்ட ஆமிக் கோட்டு வழக்கோ எண்டு கொமாண்டருக்கு ஆலோசனை எழுதிக் குடுக்கோணும், அந்தப் பொடியன் ஆர்ட்டிக்கிள் 15 வேண்டாம், கோட் மார்ஷலே வையுங்கோ எண்டு கேட்டானெண்டா அது இன்னொரு நீட்டுக் கதை. இன்னொருத்தன் வாகனத்தைக் கொண்டுபோய் இடிச்சிருப்பான், அதுக்கு ஒரு விசாரணை அறிக்கை, அதை வரி வரியா வாசிச்சு சரி பிழை சொல்லோணும். காசு செலவழிக்கிறதிலயும் இவர்தான் குறுக்க நிப்பார், அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸ் ஒரு அலுவலுக்கு ஒதுக்கின காசை இன்னொரு அலுவலுக்கு எடுத்தா அது சட்டமீறல், அதால ஒரு ஷெட் கட்டுறதெண்டாலும் இவரின்ர கையெழுத்துக்கு வரும். உள்ளூர் பெரியவர் ஒருத்தர் கொமாண்டருக்கு மணிக்கூடு பரிசா குடுத்தா வாங்கலாமோ எண்டதும் இவரிட்டத்தான் வரும்.

இதுக்குள்ள வரிசையில ஆக்கள். இதுதான் கன நேரத்தை விழுங்கிறது எண்டு நான் நினைக்கிறன். ஒருத்தனின்ர மனிசி டிவோர்ஸ் பேப்பர் அனுப்பியிருப்பா, ஒருத்தனுக்கு வாடகை வீட்டுக்காரனோட சண்டை, ஒருத்தன் ஆமிக்கு வர முதல் எடுத்த கார் லோனுக்கு வட்டி கட்டேலாம நிப்பான். 2003ல வந்த ஒரு சட்டம் இருக்கு, சேவையில சேர முதல் எடுத்த கடனுக்கு 6 சதவீதத்துக்கு மேல வட்டி எடுக்கக்கூடாது, அவன் வெளிநாட்டில நிக்கிற நேரம் வந்த சிவில் வழக்கைக் குறைஞ்சது 90 நாள் தள்ளிவைக்கக் கேக்கலாம். அதைச் சொல்லிக் கடிதம் எழுதிக் குடுக்கிறது ஆர்? உங்கட ஆள்தான்.

இப்ப நேரத்துக்கு வருவம். உங்களுக்கு ராவு 8 எண்டா குவைத்தில பின்னேரம் அஞ்சரை. அந்த நேரம் வொஷிங்டனில காலமை பத்தரை, குளிர்காலமெண்டா ஒன்பதரை. எங்க பிடிச்சிருக்கிறீங்க பாத்தீங்களோ, நீங்க சாப்பிட்டு முடிச்சு போனும் கையுமா இருக்கிற நேரம்தான் அவரின்ர மேலிடம் கந்தோர் திறந்து கேள்வி கேக்கத் தொடங்குது! பகல் முழுக்க குவைத் வேலை, பின்னேரத்தில இருந்து அமெரிக்கா வேலை, ரெண்டு கந்தோரையும் ஒரே ஆள் இழுக்கிறார். போதாததுக்கு ரகசியப் பைல் இருக்கிற அறைக்குள்ள போன் கொண்டு போகேலாது, வெளியில பெட்டிக்குள்ள வைச்சிட்டுத்தான் போகோணும். ப்ளூ டிக் விழாததை வைச்சு மனசுக்குள்ள வழக்கு நடத்தாதேங்கோ. "சொல்லேலாது" எண்டதும் அப்பிடித்தான், நான் வேலை செய்த சட்டத்தரணி சேரும் கட்சிக்காரரின்ர கதையை வீட்டில மனிசிக்கும் சொன்னதில்லை.

அதுக்காக அவர் செய்யிறது முழுக்கச் சரியெண்டு சொல்ல வரேல்லை. ஊர் ஆக்களின்ர மனிசிமாருக்குக் கடிதம் எழுதுற ஆள் தன்ர மனிசிக்கு "லோங் டே" எண்டு ரெண்டு சொல்லில முடிக்கிறது எனக்கும் கடுப்புத்தான். நீங்களும் அந்த வரிசையில ஒராள் எண்டு அவருக்குச் சொல்லுங்க. உங்களுக்கு காலமை ஏழரை எண்டா அவருக்கு அஞ்சு. நீங்க 100ம் நம்பர் பஸ்ஸில கோட்டைக்குப் போற நேரம் அது, ஒரு கால் மணித்தியாலம் காணும், சண்டை பிடிக்கவும் காணும். ராவு 8 மணியை விட்டிடுங்க.

அந்தக் கோலில முதல் கேக்க வேண்டியது உங்கட பேப்பர். எழுத்து முடிஞ்சா சட்டப்படி நீங்க மனிசி. டீர்ஸ் எண்டு குடும்ப ஆக்களைப் பதியிற ஒரு சிஸ்டம் இருக்கு, அதில உங்கட பேர் ஏறினதோ? ஏறாட்டி மெடிக்கல் இன்சூரன்ஸ் ஒண்டும் வராது. ஆயுள் காப்புறுதியில ஆரின்ர பேர் கிடக்கு? மரணசாசனம் எழுதியிருக்கிறாரோ? தன்ரதைத் தானே எழுதுறது அழகில்லை எண்டு சாட்டுச் சொன்னா, பக்கத்து மேசையில இன்னொரு சட்டத்தரணி சும்மாவோ இருக்கிறார் எண்டு கேளுங்க. விவாகப் பதிவுச் சான்றிதழ் தமிழில இருந்தா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருத்தரிட்ட இங்கிலீஷில எடுத்து வையுங்க, பிறகு விசாவுக்கும் தேவைப்படும். இதைக் கேக்க வெக்கப்படாதேங்கோ, புதுக்கடையில மனிசன் போனபிறகு பைலோட அலைஞ்ச பொம்பிளைகளை நான் கனக்கப் பாத்திட்டன்.

மாமியின்ர கதை. அந்தச் சொல்லு ஏன் குத்துதெண்டு எனக்குத் தெரியும், ராவில கதவு தட்டுப்பட்டா ஐடென்டிட்டி கார்ட்டோட எழும்பி வந்த வீடுகள்தான் நாங்க எல்லாரும். அது வேற ஆமி, இது வேற ஆமி எண்டு சொல்லி நான் மாமியின்ர வாயை மூடப் போறதில்லை, அந்த ஆமி செய்த அலுவலும் உலகத்துக்குத் தெரியும், 2004ல ஈராக்கின்ர அபு கிரைப் சிறையில கைதிகளை வதைச்ச படங்களை நாங்களும் பாத்தனாங்க. ஆனா அதுக்கு முதல் வருஷம், விசாரணையில எந்த அளவுக்கு ஆளை வருத்தலாம் எண்டு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சான பென்டகனில பேச்சு நடந்த நேரம், இது பிழை எண்டு எழுத்தில குடுத்தது அந்தப் படைகளின்ர மூத்த சட்டத்தரணிகள். கேட்டாங்களோ? பெரிசா இல்லை. எண்டாலும் அந்தப் பேப்பர் இருக்கு. எங்கட ஊரிலயும் 2007 ஜூன் 7 விடிய கொழும்பு லொட்ஜுகளில இருந்த தமிழ் ஆக்களை பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கு அனுப்பின நேரம், அடுத்த நாளே உச்ச நீதிமன்றத்தில இடைக்காலத் தடை எடுத்தது ஒரு மனுவாலதான்.

அவர் அந்தப் பேப்பர் எழுதுற ஆளோ, இல்லாட்டி தலையாட்டுற ஆளோ எண்டு எனக்கோ மாமிக்கோ தெரியாது. பைலைப் பற்றிக் கேக்காம, "கொமாண்டருக்கு நீங்க எப்பவாவது ஏலாது எண்டு சொல்லியிருக்கிறீங்களோ" எண்டு மட்டும் கேளுங்க. அதுக்கு அவர் ரகசியம் உடைக்கத் தேவையில்லை. என்ன சொன்னார் எண்டு எனக்கும் ஒரு கடிதம் போடுங்க.