பணம் வந்துவிட்டது, ஆர்டர் மட்டும் ஏன் கேன்சல் ஆகிறது?

கேள்வி: குடியாத்தத்தில் எங்களுக்குத் தறி இருக்கிறது. லுங்கி, துண்டு விற்க வூகாமர்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஆன்லைன் கடை வைத்திருக்கிறோம். காட்பாடித் தம்பி ஒருவர் அமைத்துக் கொடுத்தார். போன மாதம் ஏதோ அப்டேட் போட்ட பிறகு, யுபிஐயில் பணம் கட்டுகிறவர்களின் ஆர்டர் ‘பெண்டிங் பேமெண்ட்’ என்று நின்று, அப்புறம் தானாகவே ‘கேன்சல்’ ஆகிவிடுகிறது. பணம் மட்டும் எங்களுக்கு வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எங்களைத் திருடர்கள் என்கிறார்கள். தம்பியோ, இலவச மென்பொருள் என்றால் இப்படித்தான், 40,000 ரூபாய் கொடுத்தால் புதிதாகச் செய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? இல்லை, மாத வாடகைக்குத் தயாராகக் கிடைக்கும் ஆன்லைன் கடைகளுக்கு மாறிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பெரும்பாலும் அரை மணி நேர வேலை. அதற்கு 40,000 கேட்கிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

முதலில் வாடிக்கையாளர்களைக் கவனியுங்கள். உங்களுக்காகப் பணம் வாங்கித் தரும் நிறுவனம்தான் கேட்வே. அதன் தளத்தில் உங்கள் கணக்குப் பக்கமான டாஷ்போர்டில் பணம் வந்த பட்டியலை எடுத்து, தொகையையும் போன் நம்பரையும் கேன்சல் ஆன ஆர்டர்களோடு ஒப்பிடுங்கள். சரக்கு இருந்தால் ஆர்டரை ‘புராசஸிங்’ (பணம் வந்தது, சரக்கு அனுப்ப வேண்டும்) என்று மாற்றி அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் டாஷ்போர்டிலேயே ரீஃபண்ட் போடுங்கள். ‘அஞ்சு நாளில் தானாகத் திரும்பிவிடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட அந்த விதி, பணம் பிடிக்கப்பட்டும் வணிகருக்கு உறுதி வந்து சேராத பரிவர்த்தனைகளுக்கானது. உங்களுக்குப் பணம் வந்துவிட்டது. நீங்கள் அனுப்பினால்தான் திரும்பும்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? யுபிஐயில் பணம் கட்டுகிறவர் உங்கள் கடைப் பக்கத்தை விட்டு ஜிபே, போன்பே என்று வேறு ஆப்புக்குப் போகிறார். பணம் கட்டியதும் அங்கேயே மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். ஓட்டலில் கேஷில் காசு கட்டியவர் டோக்கனைக் கவுண்டரில் கொடுக்காமலே போய் உட்கார்ந்துகொண்டால் தோசை எப்படி வரும்? அந்த டோக்கனை வாடிக்கையாளர் தயவில்லாமல் கேட்வேயே நேராக உங்கள் கடைக்கு அனுப்ப ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெயர் வெப்ஹூக். உங்கள் கடையில் அறுந்து கிடப்பது அநேகமாக அதுதான்.

கேட்வே டாஷ்போர்டில் வெப்ஹூக் பகுதியைத் திறந்து, அனுப்பிய செய்திகளின் பட்டியலைப் பாருங்கள். பக்கத்தில் 200 என்று இருந்தால் நல்லபடி சேர்ந்தது. 404 என்றால் முகவரி தப்பு. 403 என்றால் உங்கள் கடையில் போட்டிருக்கும் செக்யூரிட்டி பிளக்இன்னோ (கடையோடு சேர்க்கும் துணை மென்பொருள்), உங்கள் தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஃபயர்வால் என்ற பாதுகாப்புத் தடுப்போ தடுக்கிறது. எண்ணே இல்லாமல் வெப்ஹூக் அணைந்து கிடக்கலாம். தொடர்ந்து 24 மணி நேரம் செய்தி போய்ச் சேராவிட்டால் அதை அணைத்துவிடும் கேட்வேக்கள் உண்டு. அதற்கு எச்சரிக்கை மெயிலும் வரும். அந்த மெயில் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். தம்பிக்குப் போனால் அவர் ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள்.

ஆர்டர் தானாகக் கேன்சல் ஆவது தனிக் கதை. வூகாமர்ஸ் செட்டிங்ஸில் புராடக்ட்ஸ், அதற்குள் இன்வென்டரி. அங்கே ‘ஹோல்ட் ஸ்டாக்’ என்ற இடத்தில் 60 என்று இருக்கும். பணம் கட்டாத ஆர்டருக்குச் சரக்கை 60 நிமிடம் பிடித்து வை, அப்புறம் ஆர்டரைக் கேன்சல் செய்துவிடு என்று பொருள். இதில் ஒரு விலக்கு இருக்கிறது, அது புரியாமல்தான் பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். ஸ்டாக் கணக்கை வூகாமர்ஸ் பார்க்காமல் அணைத்து வைத்திருந்தால் இந்த 60 வேலையே செய்யாது. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் நேராக ‘புராசஸிங்’ போய்விடுவதால் அதையும் தொடாது. வாட்ஸ்அப்பில் கேட்டவருக்காக நீங்களே உள்ளே போய் டைப் செய்த ஆர்டர், பணம் வராமல் எத்தனை நாள் கிடந்தாலும் கேன்சல் ஆகாது. அதனால்தான் ஒன்று நிற்கிறது, ஒன்று போகிறது. வெப்ஹூக் சரியாகும்வரை அந்த 60ஐ அழித்துக் காலியாக விடுங்கள். ஒரே டிசைனில் டஜன் கணக்கில் லுங்கி வைத்திருக்கும் உங்களுக்கு அதனால் பெரிய மோசம் இல்லை. ஒரே ஒரு பட்டுச்சேலையைப் படம் போட்டு விற்கும் ஆரணிக்காரர் இதைச் செய்யக் கூடாது. அந்த ஒரு சேலைக்கு இரண்டு பேர் பணம் கட்டிவிடுவார்கள்.

கேட்வேக்கு டிக்கெட் போட்டால் ‘எங்கள் பக்கம் பணம் வெற்றிகரமாகச் சேர்ந்தது’ என்று ஒரு வரி வரும். ஹோஸ்டிங்காரர் பிளக்இன்னைக் கேள் என்பார், பிளக்இன் எழுதியவர் கடையின் தோற்றத்தை அமைக்கும் ‘தீம்’ எழுதியவரைக் கேள் என்பார். வூகாமர்ஸ் போல யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் ஓப்பன் சோர்ஸில் தலைவலி இதுதான். மென்பொருள் நல்லதுதான், பொறுப்பேற்கத்தான் ஆள் கிடையாது. அந்த இடைவெளியில் புகுந்து சம்பாதிக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

உங்கள் கடைக்குள் லாகின் செய்து இடப்பக்க மெனுவைப் பாருங்கள். ‘பிளக்இன்ஸ்’ என்ற வரி இல்லையென்றால் உங்களுக்கு ஷாப் மேனேஜர் பதவிதான் கொடுத்திருக்கிறார், அட்மின் அவர். டொமைன், அதாவது கடையின் இணைய முகவரி, யார் கணக்கில், யார் மெயிலில் இருக்கிறது? அவருடையதில் இருந்தால், பெங்களூரில் வேலை கிடைத்து அவர் போனை எடுக்காமல் போகிற நாளில் கடைப் பெயரும் போய்விடும். டொமைனைப் பதிவு செய்த அதே நிறுவனத்தில் (ரெஜிஸ்ட்ரார்) உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, டொமைனை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். பாக்கி இருந்தால் கொடுத்துவிட்டே கேளுங்கள், சண்டை வேண்டாம்.

இன்னொன்று. காசு கொடுத்து வாங்க வேண்டிய பிளக்இன்னை ‘ஃப்ரீயாப் போட்டுத் தந்தேன்’ என்று சொல்லியிருந்தால் அதைக் கழற்றுங்கள். ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமம் நகலெடுக்க விடுகிறது என்பார், அது உண்மைதான். ஆனால் அந்த நகலுக்கு முறையான அப்டேட் வராது. நடுவில் யார் கை வைத்தது, உள்ளே என்ன சேர்த்தார் என்றும் தெரியாது. பணம் வாங்கும் பக்கத்தில் இந்த விளையாட்டு கூடாது.

வாடகைக் கடையில் இந்தத் தொல்லைகள் குறைவு, ஆனால் வியாபாரம் இல்லாத மாதமும் வாடகை உண்டு. தீபாவளிக்கு முன்பு இடம் மாறாதீர்கள். அந்தச் சமயத்தில் அப்டேட்டும் வேண்டாம், பாதுகாப்பு அப்டேட் தவிர. அதையும் பேக்கப் எடுத்த பிறகு போடுங்கள்.

வெப்ஹூக்கைச் சரிசெய்ததும் 10 ரூபாய்க்கு ஒரு கர்ச்சீஃப் ஏற்றி, வேறு போனிலிருந்து நீங்களே வாங்குங்கள். யுபிஐயில் பணம் போனதும் கடைப் பக்கத்துக்குத் திரும்பாமல் பிரௌசரை மூடிவிடுங்கள். சில நிமிடத்தில் ஆர்டர் ‘புராசஸிங்’ ஆனால் அழித்த 60ஐத் திரும்பப் போட்டுவிட்டு வியாபாரத்தைப் பாருங்கள். ஆகவில்லை என்றால் வெப்ஹூக் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதில் உள்ள எண்ணோடு எனக்கு எழுதுங்கள்.