மீன் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்: வீட்டு அக்வாபோனிக்ஸ் தொடங்குவது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வீட்டின் பின்புறத்தில் 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் மீன் வளர்த்து, அந்தத் தண்ணீரிலேயே கீரையும் தக்காளியும் வளர்க்க ஆசை. வரும் ஞாயிற்றுக்கிழமை நூறு மீன் குஞ்சுகளை வாங்கி விடலாம் என்றிருக்கிறேன். எவ்வளவு தீவனம் போட வேண்டும்? தண்ணீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? செடிகளுக்குத் தனியாக உரம் வேண்டுமா?”

நீங்கள் கேட்பதுதான் அக்வாபோனிக்ஸ்: மீன் வளரும் நீரிலேயே செடியையும் வளர்க்கும் முறை. ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவுங்கள், செடிப் படுகைக்கான ஜல்லியை அலசுங்கள், பம்பைப் பொருத்துங்கள். மீனை மட்டும் வாங்காதீர்கள். இன்னும் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு அந்தத் தொட்டிக்குள் மீன் போகக் கூடாது.

காரணத்தைச் சொல்கிறேன். மீன் உண்ணும் தீவனத்திலுள்ள புரதத்தின் கழிவு, பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. அது மீனுக்கே நஞ்சு. அந்த அம்மோனியாவை நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். நைட்ரோஸ்பைரா என்னும் வேறொரு பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட்டை மீன் தாங்கும், செடி விரும்பி உறிஞ்சும். இந்தப் பாக்டீரியாக்கள் ஜல்லியின் மேற்பரப்பில் ஒட்டி வாழ்பவை, மெதுவாகத்தான் பெருகும். புதிய தொட்டியில் அவை போதிய அளவில் இருப்பதில்லை. மீனையும் செடியையும் வளர்ப்பதற்கு முன் நீங்கள் வளர்க்க வேண்டியது இவற்றைத்தான்.

என் முதல் தொட்டியில் இதை அறியாமல் பன்னிரண்டு மீன்களை முதல் நாளே விட்டேன். மூன்றாம் வாரம் ஒரு காலையில் அவை நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது, வாடையும் இல்லை. காற்றுக் கருவியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாலைக்குள் ஐந்து செத்துவிட்டன. ஒன்றை எடுத்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் சாக்லேட் நிறத்தில் இருந்தது. நைட்ரைட் ரத்தத்தில் புகுந்து ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்ததன் அடையாளம் அது. கண்ணுக்குத் தெரியும் தெளிவை நம்பக் கூடாது என்பதை அந்த ஐந்து மீன்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தன. அதனால்தான் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (நீரின் அமில-காரத் தன்மை) ஆகிய நான்கையும் அளக்கும் டெஸ்ட் கிட் ஒன்றை முதல் செலவாகச் செய்யச் சொல்கிறேன். சொட்டு மருந்து ஊற்றி நிறம் பார்க்கும் வகை நல்லது.

இனி அமைப்பு. மீன் தொட்டியின் கொள்ளளவுக்கு ஏறக்குறைய சமமான செடிப் படுகை போதும். ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்பும் 30 சென்டிமீட்டர் ஆழமும் இருந்தால் 450 லிட்டர் ஆகிறது. அதை நிரப்பும் ஜல்லி மட்டுமே சுமார் 700 கிலோ எடை வரும். மேலே தண்ணீர் வேறு. அந்த எடையைத் தாங்கும் மேடையை முதலில் கட்டுங்கள்.

ஜல்லி 8 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். வாங்கும் முன் ஒரு கைப்பிடியை எடுத்து நன்றாகக் கழுவி, ஒரு டம்ளரில் போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். கல்லைச் சுற்றிப் பொடிக் குமிழிகள் கிளம்பினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அந்தக் கல் நீரின் பிஎச்சை விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். குமிழி வராத கல்லைத் தேடுங்கள். தொட்டியும் முன்பு ரசாயனம் எதையும் வைத்திராததாக இருக்க வேண்டும். நீர் படும் இடத்தில் செம்பு, துத்தநாகப் பூச்சுத் தகரம் இரண்டும் ஆகாது. இரண்டுமே மீனுக்கு நஞ்சு.

பம்ப் விஷயத்தில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு, நீரை மேலே தூக்காதபோது கிடைக்கும் அளவு. உங்கள் படுகையின் உயரத்துக்கு ஏற்றும்போதும் மணிக்கு 1,000 லிட்டர் தரும் பம்பாகப் பாருங்கள். டைமர் வைத்து 15 நிமிடம் ஓட்டி 45 நிமிடம் நிறுத்தினால் படுகை நிரம்பி, நீர் மீண்டும் மீன் தொட்டிக்கு வடியும். வடியும்போது வேர்களுக்குக் காற்று கிடைக்கும். படுகை நிரம்பியதும் தானாகவே நீரை வடியவிடும் பெல் சைஃபன் அழகான கருவிதான், ஆனால் அதைச் சரியாக வடியவைக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். முதல் அமைப்புக்கு டைமரே போதும் என்பது என் கருத்து. இன்னொன்றைக் கவனியுங்கள்: படுகை நிரம்பும்போது 150 லிட்டர் வரை மீன் தொட்டியிலிருந்து மேலே போய்விடும். பம்பைச் செங்கல் மேல் சற்று உயர்த்தி வைத்தால், எங்காவது குழாய் கழன்றாலும் அடியில் மீனுக்குத் தண்ணீர் மிஞ்சும்.

தண்ணீர் நிரப்பியாயிற்று. குழாய் நீரில் குளோரின் இருந்தால் காற்று ஊதவிட்டு ஓரிரு நாள் திறந்து வையுங்கள், அது போய்விடும். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த நீர் என்றால் இப்படிப் போகாது, கார்பன் வடிகட்டி வழியாக விட வேண்டும். பிறகு 500 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் அம்மோனியம் குளோரைடு கரைத்தால் அம்மோனியா அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராமுக்கு வரும். இதுவே பாக்டீரியாவுக்கு உணவு. முதலில் அம்மோனியா குறையும், நைட்ரைட் ஏறும். பின்னர் நைட்ரைட் விழுந்து நைட்ரேட் தலைகாட்டும். அம்மோனியா தீரும்போது மீண்டும் அதே அளவு போடுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நோயற்ற தொட்டி ஒன்றின் ஜல்லியோ வடிகட்டிப் பஞ்சோ கிடைத்தால் உங்கள் படுகையில் புதைத்துவிடுங்கள். காத்திருப்பு நன்றாகக் குறையும். குளிர்காலத்தில் கூடுதலாகப் பொறுக்க வேண்டியிருக்கும்.

எப்போது முடிந்தது என்று தெரிந்துகொள்வது எளிது. இன்று 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா போட்டு, நாளை இதே நேரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டினால் தொட்டி தயார்.

இப்போது உங்கள் நூறு மீன்கள். தயவுசெய்து பத்தோடு நிறுத்துங்கள். மீன் குஞ்சாக இருக்கும்போது நூறும் கொள்ளும் என்றுதான் தோன்றும். அரைக் கிலோ எடைக்கு வளர்ந்தபின் பத்து மீன் 5 கிலோ. 500 லிட்டருக்கு அது நிம்மதியான அளவு. இலைக் கீரைகளுக்குப் படுகையின் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது பொதுக் கணக்கு. உங்கள் ஒன்றரைச் சதுர மீட்டருக்கு 60 முதல் 75 கிராம். வளர்ந்த மீன் தன் எடையில் 1 முதல் 2 சதவீதம் தின்னும் என்பதால் பத்து மீன்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வருகிறது. ஆக, செடி எத்தனை என்பதைத் தீர்மானிப்பது மீனின் எண்ணிக்கையல்ல, அன்றாடம் தொட்டிக்குள் போகும் தீவனம். பத்து கிராம் குஞ்சுகள் பத்து இருக்கும்போது மொத்தத் தீவனமே நாளுக்கு 5 கிராம்தான். அந்த நிலையில் படுகை முழுக்க நாற்று நட்டால் எல்லாம் வெளிறிப்போகும். ஐந்தாறு கீரை நாற்றுகளோடு தொடங்குங்கள். தக்காளிக்குச் சத்து அதிகம் வேண்டும், அது சில மாதங்கள் காத்திருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்காத தீவனத்தை வலையால் அள்ளிவிடுங்கள்.

தண்ணீரை மாற்ற வேண்டியதில்லை. ஆவியாகும் அளவுக்கு, குளோரின் நீக்கிய நீரை ஊற்றினால் போதும். அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் மட்டும் தீவனத்தை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். இங்கே பிஎச்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் கொடிய வடிவத்தின் பங்கு பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு. பிஎச் 6.8 முதல் 7 வரை என்பது மீன், செடி, பாக்டீரியா மூன்றுக்கும் பொதுவான இடம். நாளாக நாளாகப் பாக்டீரியாக்களின் வேலையால் பிஎச் இறங்கும். 6.5-க்குக் கீழே போகத் தொடங்கினால் கால்சியம் கார்பனேட்டையும் பொட்டாசியம் பைகார்பனேட்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகச் சேருங்கள்.

உரக் கேள்விக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. மீன் தீவனத்தில் செடிக்குக் குறைவாக இருப்பவை கால்சியம், பொட்டாசியம், இரும்பு. முதல் இரண்டும் மேலே சொன்ன உப்புகளில் கிடைத்துவிடும். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. டிடிபிஏ கீலேட் வடிவ இரும்பை (நீரில் கரைந்தே நின்று செடிக்குக் கிடைக்கும் இரும்பு) லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கில் சேருங்கள். பூச்சிக்கு மருந்து தெளிக்கும் எண்ணம் வேண்டாம். சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும்கூடத் தொட்டிக்குள் வடிந்தால் மீனைப் பாதிக்கும். கையால் பொறுக்குங்கள், தண்ணீர் பீச்சி உதிருங்கள்.

மின்சாரம் போனால் மீன் சில மணி நேரமே தாங்கும். பேட்டரியில் ஓடும் காற்றுக் கருவி ஒன்று கட்டாயம். ஆக்சிஜன் மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன்னால் என்பதால், எழுந்ததும் முதலில் தொட்டியைப் பாருங்கள்.

உங்கள் பகுதியில் நீங்கள் வாங்க நினைக்கும் மீன் இனத்தை வளர்க்க அனுமதி உண்டா என்பதையும் இந்த ஆறு வாரத்துக்குள் விசாரித்துவிடுங்கள். திலேப்பியாவுக்குச் சில நாடுகளில் தடை இருக்கிறது. குஞ்சுகளைக் கொண்டுவரும் நாளில் பையை அவிழ்க்காமல் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, மீன்களை வலையால் எடுத்து விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். அன்று தீவனம் போடாதீர்கள். மறுநாள் காலை அளந்து பார்த்துவிட்டு ஒரு சிட்டிகை போதும்.