ஜம்பர் (2008) படத்தை ஓடிடியில் பார்த்தால் போதுமா, ப்ளூ-ரே வாங்கலாமா?

கதை மட்டும் தெரிந்தால் போதும் என்றால் ஓடிடியே போதும். ஆனால் ஓரிடத்தில் மறைந்து இன்னோர் இடத்தில் தோன்றும் அந்தத் தாவல்களுக்காகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் டிஸ்க் வாங்குங்கள். என்னிடம் ப்ளூ-ரே இருக்கிறது. நான் அடிக்கடி எடுத்துப் போட்டுப் பார்க்கும் படங்களில் இதுவும் ஒன்று.

டக் லைமன் இயக்கிய இந்தப் படம் ஸ்டீவன் கூல்டின் 1992 நாவலைத் தழுவியது, ஆனால் கதையை நிறையவே மாற்றியிருக்கிறார்கள். டெலிபோர்ட் செய்யும் சக்தி எப்படி வந்தது என்று படம் எங்கும் விளக்குவதில்லை. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் தாவினால் என்னென்ன ஆகும் என்பதை அத்தனை கவனமாக யோசித்திருக்கிறார்கள்.

தொடக்கக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகனில் உள்ள ஆன் ஆர்பர் ஊர். பள்ளிப் பையன் டேவிட், தனக்குப் பிடித்த மில்லி என்ற பெண்ணுக்கு ஒரு பரிசு கொடுக்கிறான். இன்னொரு பையன் அதைப் பிடுங்கி உறைந்து கிடக்கும் ஆற்றின் மேல் வீசிவிடுகிறான். எடுக்கப் போன டேவிட், பனி உடைந்து உள்ளே விழுகிறான், அடியில் ஓடும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறது. மூச்சு முட்டும் நேரத்தில் ஊர் நூலகத்துக்குள் வந்து விழுகிறான். அவன் மட்டும் வரவில்லை, சுற்றியிருந்த ஆற்றுத் தண்ணீரும் அவனோடு வந்து புத்தக அலமாரிகளுக்கு நடுவே கொட்டுகிறது. தாவுகிறவன் தன்னைத் தொட்டிருப்பதையும் தூக்கிக்கொண்டு வருவான் என்ற விதியை ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லிவிட்டார்கள். பிற்பாடு டோக்கியோ சாலையில் காரையே தாவவைப்பதும், லண்டன் மாடிப் பேருந்து பாலைவனத்தில் வந்து விழுவதும் அதனால்தான் நம்பும்படி இருக்கின்றன.

அப்புறம் அந்த வடு. ஒருவன் தாவிய இடத்தில் கொஞ்ச நேரம் காற்றில் ஒரு நெளிவு நிற்கும். அது மூடுவதற்குள் இன்னொருவன் அதன் வழியே துரத்தி வரலாம். இவர்களை வேட்டையாடும் பாலடின் கூட்டம் அதைத் திறந்து வைக்கவே ஒரு கருவி வைத்திருக்கிறது. பாய்ந்து பிடிக்கும் மின்கம்பிகளும் அவர்களிடம் உண்டு, மின்சாரம் பாய்ந்தால் தாவ முடியாது. இதையெல்லாம் ரிமோட்டில் நிறுத்தி, மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போதுதான் எத்தனை உழைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. இணைய வேகத்துக்கேற்பப் படம் மங்கித் தெளியும் ஓடிடியில் அந்த நெளிவு பாதி காணாமல் போய்விடும்.

ரோம் காட்சிகளும் அப்படித்தான். உண்மையான கொலோசியத்துக்குள்ளேயே போய் எடுத்தார்கள். கல்லின் மேல் விழும் அந்த வெளிச்சம் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. ஓட்டமே ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாலடின்களைப் பற்றிய பலவற்றை அடுத்த பாகத்துக்கு வைத்தார்கள், அந்த அடுத்த பாகம் வரவே இல்லை. மில்லி பாத்திரத்துக்குக் காப்பாற்றப்படுவதைத் தவிரப் பெரிதாக வேலை இல்லை. டேவிடாக நடிக்கும் ஹேடன் கிறிஸ்டென்சனைவிட, தாவும் சக்தியுள்ள இன்னொருவன் கிரிஃபினாக வரும் ஜேமி பெல்தான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறார்.

ப்ளூ-ரேயில் இயக்குநரின் கமெண்ட்ரி (படம் ஓடும்போதே அதைப் பற்றிப் பேசும் ஒலித்தடம்), நீக்கப்பட்ட காட்சிகள், தாவலை எப்படி எடுத்தார்கள் என்ற குறும்படம் எல்லாம் இருக்கின்றன. இரண்டாவது தடவை கமெண்ட்ரியோடு பாருங்கள். வாங்கும்போது பெட்டியின் பின்புறம் ரீஜன் எழுத்தை, அதாவது எந்தப் பகுதி பிளேயரில் டிஸ்க் ஓடும் என்பதைக் காட்டும் குறியைப் பார்த்துவிடுங்கள். ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. டிவிடியில் அமெரிக்கா 1, இந்தியா 5. உங்கள் பிளேயர் எல்லா ரீஜனையும் ஓட்டும் என்றால் பழைய டிஸ்க் விற்பவர்களிடம் தேடுவதே நல்லது.